வைக்கோலுக்கு வைக்கும் தீ

என் கணவர் அவர்களின் சமுகத்துக்கு,

தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற செய்தி பள்ளிபாளையம் சந்தை வழியாக இங்கு எட்டி எட்டு நாட்களாகின்றன. தங்களை இறந்தவராகவே மாமா அவர்கள் முடிவுகட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் வைக்கோலால் தங்கள் உருவம் செய்து எரித்து, அங்கேயே என் தாலியையும் வாங்கிவிடுவதென்று பங்காளிகள் கூடிப் பேசியாயிற்று. வெள்ளைச் சேலையும் வந்துவிட்டது.

"பொணத்தைக் காட்டுங்க, கழட்டித் தாரனுங்க" என்றேன்.

"கிறிஸ்து வேதத்துல சேந்தவன் பொணந்தான் சாமி" என்றார் அத்தை. அழுதுகொண்டேதான் சொன்னார்.

தாங்கள் படித்துப் போட்ட பத்திரிகைகளைக் கொண்டு தானாகவே எழுத்துக் கற்றவள் நான். எழுத்துகள் கோணியிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

தங்கள் ஆண்டவரை விட்டு வரும்படி நான் யாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது அக்கரையிலிருந்து பரிசலில் வந்து, பங்காளிகள் முன்னிலையில் ஒரு வார்த்தை பேசினால் போதும். கண்ணெதிரே பேசுகிறவருக்குக் கொள்ளி வைக்க எவராலும் இயலாது.

தங்கள் வேதம் இன்னதென்று நான் அறியேன். ஆயினும், திரும்பும் பரிசலில் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரையில் சுமங்கலியாயிருக்கும்
தங்கள் மனைவி