ஏழு ஓட்டை என்று நான் சொன்ன இலை

மச்சான்,

இன்று காலையில் எழுந்து சன்னலைத் திறக்கப் போனேன். காலடியில் சில்லென்று ஈரம். குனிந்து பார்த்தால் சிமெண்டுத் தரையில் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர். மேல்வீட்டுக் குழாய்தான் மறுபடி ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, ஆறாம் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். அந்த வீட்டு ஆன்டி தூக்கக் கலக்கத்தோடு வந்து, "போன வருசமே பைப்பு மாத்தியாச்சு அங்கிள். முதல்ல உங்க வீட்டு சீலிங்கைப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. இறங்கி வந்து பார்த்தேன். சீலிங் காய்ந்துதான் கிடந்தது. அப்போது என் கண் முன்னாலேயே உன் செடியின் இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, கீழே விழுந்தது.

நேற்று சாயங்காலம் ஊற்றிய தண்ணீர். வேர் குடித்து, தண்டில் ஏறி, இலை நுனிவரை போய், வேண்டாத மிச்சம் வெளியே வந்திருக்கிறது. இதை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ செடி பராமரிக்கப் போன ஒரு கோலாலம்பூர் ஆபீசில் கார்ப்பெட் நனைந்துவிட்டது என்று ஒரு மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினாராம். "நான் சிந்தல பாஸ், அதுக்கு வேர்த்திருச்சு" என்றாயாம். அவர் செடியைப் பார்த்து, ஏர்கானைப் பார்த்து, "இந்தக் குளிர்லயா?" என்றாராம். அன்றைக்கு இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சொட்டின் முன்னால் நின்றபோது, உன்னிடம் ஒரு பொய் சொல்லி அதை அப்படியே விட்டிருப்பது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதத் தெரியாது. கீழ்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். சொன்னதைச் சொன்னபடி போடுங்கள் என்றிருக்கிறேன். "கெட்ட வார்த்தை வந்தா தாண்டிப் போயிருவேன் அங்கிள்" என்கிறார். நம் பேச்சில் அதை எடுத்துவிட்டால் பாதிதான் மிஞ்சும். இருக்கட்டும்.

உன் தங்கச்சி கண்ணை மூடிய பிறகு நான் இந்த வீட்டில் தனியாக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் உன் வாடகை அறை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும், "இங்க வந்துரு மச்சான்" என்றேன். உன்னைக் கூட்டிவர நான்தான் போனேன். ஒரு பெட்டி, ஒரு பை, அப்புறம் இடுப்பு உயரத்துக்கு அந்தச் செடி. ஏதோ ஆபீசில் வேண்டாம் என்று குப்பைக்குத் தள்ளியதை நீ தூக்கி வந்து வளர்த்ததாம். கிள்ளான் ரயிலில் அதை ஒரு சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீ நின்றாய். ஒரு பெரியவருக்கு இடம் கொடு என்று நான் சொன்னேன். "அவரு அடுத்த ஸ்டேசன்ல இறங்கிருவாரு, இது கடைசி வரைக்கும் வரணும்லா" என்றாய். நல்ல வேளை, அவருக்குத் தமிழ் புரியவில்லை.

நம் இரண்டு பேருக்கும் ஆயுசெல்லாம் செடியோடுதான் வேலை. ஆனால் என் வேலைக்கும் உன் வேலைக்கும் ஒட்டே கிடையாது. நான் பந்திங் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் கிடந்தவன். நீ ஆபீஸ் ஆபீசாகப் போய், வெயிலே படாத செடிகளுக்கு ஈரத்துணியால் இலை துடைத்தவன். "செடிக்கு மூஞ்சி கழுவி விடுறது ஒரு வேலையா?" என்பேன். "வண்டு பிடிக்கிறது மட்டும் வேலையா?" என்பாய் நீ.

வண்டு பிடித்தது உண்மை. மலாயில் கும்பாங் என்பார்களே, அந்தக் கொம்பு வண்டு. செம்பனைக் குருத்து விரியுமுன்னே உள்ளே துளைத்துக்கொண்டு போய்விடும். மட்டை விரிந்து வரும்போது கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். கொக்கி வளைத்த கம்பியைக் குருத்துக்குள் விட்டு, தட்டுப்படுகிறதா என்று கையால் உணர்ந்து, குத்தி இழுக்க வேண்டும். என் கைக்குத் தப்பிய வண்டு குறைவு.

அந்தக் கைதான் தப்புப் பண்ணியது. நீ வந்த நாலாம் நாள், காலையில் பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தாய். நான் காப்பியை வைத்துக்கொண்டு உன் செடியின் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இலையிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. சில இலை ஓரம்வரைக்கும் கிழிந்திருந்தது. நடுவில் புதுக் குருத்து ஒன்று சுருட்டு மாதிரி நின்றது. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஆள் உள்ளே இருக்கிறான் என்று. உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை வருசம் தோட்டத்தில் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பாய். பழைய குடைக் கம்பி ஒன்றை வளைத்து, குருத்துக்குள் மூன்று தடவை விட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நீ கீரைக்கட்டைக் கீழே வைக்குமுன்பே பார்த்துவிட்டாய்.

"மச்சான், குருத்துல கைய வச்சியா?"

"உள்ளாற கும்பாங் இருக்கு மச்சான். இலை பூராவும் தின்னு வச்சிருக்கு பாரு. இன்னும் ரெண்டு குத்து விட்டா வந்துரும்."

நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். அழுகிறாயோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அப்புறம் பார்த்தால் சிரிப்பு. சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாய்.

"அது பொறக்கும்போதே ஓட்டையோட பொறக்கிற எலைலா!"

"எந்த எலையாவது ஓட்டையோட பொறக்குமா? என்னைக் கேணயன்னு நெனச்சியா?"

அந்த இலை பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து விரிந்தது. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாய். அதன் சொந்த ஓட்டைகளின் ஓரம் பச்சையாக, வழவழவென்று இருந்தது. என் கம்பி போட்ட ஓட்டைகள் பழுப்பேறிக் கிழிந்திருந்தன. "இது அது போட்டது. இது நீ போட்டது" என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய். அந்த இலையை நீ வெட்டவே இல்லை. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் காட்டி என் மானத்தை வாங்கினாய்.

ஆனாலும் எனக்கு விடவில்லை மச்சான். ஓட்டை எதற்கு? உன்னைக் கேட்டேன். காற்று நுழைந்து போக என்று ஒரு ஆபீசில் சொன்னார்களாம், கீழ் இலைக்கு வெளிச்சம் விட என்று இன்னொரு ஆபீசில் சொன்னார்களாம். "உனக்கு என்ன தோணுது?" என்றேன். "இத்தனை வருசம் தொடைச்சேன், கேக்கத் தோணலியே" என்றாய். அன்று முதல் நாம் இரண்டு கிழவர்களும் அந்தச் செடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டோம். காலை வெயில் சன்னலுக்குள் வரும் கொஞ்ச நேரத்தில், மேல் இலையின் ஓட்டை வழியாக வெளிச்சம் காசு காசாகக் கீழ் இலையில் விழுந்து நகர்வதைப் பார்த்தோம். "பாத்தியா, கீழ் வீட்டுக்குப் பங்கு கொடுக்குது" என்றாய். "அப்ப காத்து?" என்று ஃபேனைப் போட்டேன். இலை ஆடியது. அதற்கு மேல் நமக்குப் பிடிபடவில்லை.

ஓட்டை சுருளுக்குள்ளேயே இருக்கிறதா, விரிந்த பிறகு விழுகிறதா என்று ஒரு வாரம் சண்டை. விரிந்த பிறகுதான் என்று நான் நின்றேன். அடுத்த குருத்து இளகத் தொடங்கியபோது என்னை ஸ்டூலில் ஏற்றி, மேலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னாய். சுருளுக்குள்ளே, இளம்பச்சைச் சுவரில், கடுகு கடுகாக வெளிச்சம். விரியாத இலைக்குள் ஓட்டை தயாராக இருந்தது. ஸ்டூலை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றேன். "வோய், நான் பாக்க வேணாமா?" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

அப்புறம்தான் அந்த ஆட்டம் ஆரம்பித்தது. குருத்து விரியுமுன் எத்தனை ஓட்டை என்று சொல்ல வேண்டும். தோற்றவன் அன்றைக்குச் சோறு பொங்க வேண்டும். நான் அதிகம் பொங்கினேன்.

போன வருசம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு குருத்து பாதி வந்திருந்தது. நீ படுக்கையில் இருந்தாலும் கேட்டது அதைத்தான். பஸ் பிடித்து, மத்தியான நேரத்தில் உன்னைப் பார்க்க வந்தால், என் முகத்தைப் பார்க்குமுன்னே, "விரிஞ்சிருச்சா?" என்பாய். இன்னும் இல்லை என்று இரண்டு நாள் சொன்னேன். அது உண்மை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் குருத்தின் நுனி கறுத்திருந்தது. தொட்டால் மெத்தென்று அமுங்கியது.

உன்னைப் பற்றிய பயத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நான் அந்தத் தொட்டியில் கொட்டியிருந்தேன் மச்சான். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. தோட்டத்து நாற்றங்காலில் அப்படித்தானே ஊற்றுவோம். வெயிலில் நிற்கிற கன்றுக்கு அது சரி. உன் செடி வீட்டுக்குள் நிற்கிறது. இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அன்றைக்கு உன் மூக்கில் குழாய் இருந்தது. கண்ணாலேயே கேட்டாய். நான் சொன்னேன், "விரிஞ்சிருச்சு மச்சான்."

"எத்தன?"

நான் யோசித்து வரவில்லை. "ஏழு" என்றேன்.

விடுவாயா நீ? மூச்சு வாங்கி வாங்கி, "எந்தப் பக்கம் நாலு?" என்றாய்.

"சன்னல் பக்கம்."

"அப்ப வெளிச்சம் போதும். எடத்த மாத்தாத" என்றாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கறுத்துப் போச்சு மச்சான் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், நீ அந்தப் படுக்கையில் இருந்தே வைத்தியம் சொல்லியிருப்பாய். தண்ணிய நிறுத்துலா, மண்ணுல வெரல விட்டுப் பாருலா என்று திட்டியிருப்பாய். உன்னைக் கடைசியாக ஒரு தடவை வேலை பார்க்க விடாமல், ஏழு என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். மறுநாள் நான் வந்தபோது நீ பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் நீ இல்லை.

கருமாதி முடிந்து ஆட்களெல்லாம் போன பிறகுதான் அந்த நாற்றம் தெரிந்தது, அடைத்த சாக்கடை மாதிரி. செடியைத் தொட்டியோடு கவிழ்த்தேன். வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. நான் குடைக் கம்பியால் குத்திய இலையும் போயிற்று.

செம்பனையின் குருத்தை வெட்டினால் மரம் செத்தது. அந்தக் கணக்கில்தான் தூக்கிப் போடப் போனேன். குப்பைத் தொட்டிவரை கொண்டு போய்விட்டேன். தண்டின் மேல்பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. அங்கே ஒரு கணு, கணுவிலிருந்து காற்றில் தொங்கும் ஒரு வேர். ஆலம் விழுது மாதிரி இருந்தது. இது மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் எதைத் தேடுகிறது என்று நான் முன்பு கேட்டதற்கு, "அது முன்னேற்பாடு" என்றாய் நீ. சரி, எதற்கு முன்னேற்பாடு என்று பார்த்துவிடுவோம் என்று, அந்தக் கணுவோடும் ஒற்றை இலையோடும் ஒரு சாண் வெட்டி, ஊறுகாய் போத்தலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன்.

அந்த விழுது தண்ணீருக்குள் முதலில் ஒன்றும் செய்யவில்லை. நான் தினமும் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் அதன் பக்கவாட்டில் வெள்ளையாக, அரிசி நொய் அளவுக்கு, ஒரு முளை. மறுநாள் நாலு. மரத்தின் தலையை வெட்டியவன் கையில் ஒரு முழு மரமே தொடங்குகிறது. இத்தனை வயசுக்கு மேல் இப்படி ஒன்று எனக்குப் புதிதாகத் தெரிய வந்தது. சொல்ல ஆள் இல்லை. கீழே இறங்கிப் போய் டீச்சரம்மாவிடம் போத்தலைக் காட்டினேன். அப்படித்தான் இவர் பழக்கம். வேர் ஒரு விரல் நீளம் ஆனதும் தேங்காய் மட்டையை நறுக்கி, மண்ணும் கரித்துண்டும் கலந்து, சின்னத் தொட்டியில் வைத்தேன்.

அது ஒரு குருத்து விட்டபோது எனக்குத் தூக்கம் போயிற்று. ஏழு ஓட்டை இருந்துவிட்டால், நான் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முந்திச் சொன்னேன், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். இப்படி ஒரு கிறுக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன். ஸ்டூல் போட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் விரிந்தது. உள்ளங்கை அகலம். முழு இலை. ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு ஓட்டைகூட இல்லை. டீச்சரம்மா பார்த்துவிட்டு, "அழகா இருக்கே அங்கிள், ஒரு பூச்சியும் கடிக்கல" என்றார். நீ இருந்திருந்தால் இதற்கு எத்தனை நாள் சிரித்திருப்பாய்.

முதலில் மனசு விட்டுப் போனது. அப்புறம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். செடி சின்னதாக இருக்கும்போது இலை முழுசாகத்தான் வரும், வளர வளரத்தான் ஓட்டை விழும் என்பாயே. "நம்ம வாய்ல பல்லு போற மாதிரி" என்பாய். அது சரி. ஆனால் இது சின்னச் செடி இல்லையே, உன் கிழட்டுச் செடியின் துண்டுதானே? வெட்டி வைத்ததும் தன் வயசை எப்படி மறந்தது? இல்லை, வேர் கொஞ்சம் இருக்கிறது, சாப்பாடு கொஞ்சம் கிடைக்கிறது, இப்போதைக்கு முழு இலை போதும் என்று அது முடிவு பண்ணுகிறதா? யார் அதற்குச் சொல்கிறார்கள்? உன்னைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டு நீயும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாய்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான் மச்சான். இப்போது சொம்பை எடுக்குமுன் என் விரல் தானாக மண்ணுக்குள் இரண்டு கணு இறங்குகிறது. ஈரம் இருந்தால் சொம்பைத் திருப்பி வைத்துவிடுகிறேன். யாராவது நலமா என்று கேட்டால், நல்லாருக்கேன் என்று உடனே சொல்லாமல், ஒரு நிமிசம் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டீச்சரம்மாவுக்குக்கூட இது கொஞ்சம் எரிச்சல்தான்.

குருத்து கறுத்துப் போயிருந்தது மச்சான். ஏழும் இல்லை, ஒன்றும் இல்லை. இது அன்றைக்கே உன் காதில் விழுந்திருக்க வேண்டியது.

காலையில் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த முழு இலையின் காம்பைப் பிளந்துகொண்டு இன்னொரு குருத்து ஊசி மாதிரி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. எத்தனை என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

எனக்குத் தெரியாது.