அனிமோன் யார் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

கண் இல்லை, காது இல்லை, மூளை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பூ மாதிரி இழைகளை விரித்துக்கொண்டு பாறையில் ஒட்டிக் கிடக்கிற ஒரு கடல் பிராணி, இந்த அனிமோனுக்கு ஆளை அடையாளம் தெரியுமா? எனக்குப் பதில் தெரியாது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அனிமோன் ஒரு வாரமாகப் பாறையை விட்டுக் கிளம்பி ஊர்ந்துகொண்டிருக்கிறது, அதுவும் உன் அப்பாவின் நாற்காலிப் பக்கமாக. இடுக்கியில் இறால் துண்டு ஊட்டுகிற தன் கையை அதற்குத் தெரியுமாம். காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வாடா ராசா, சாப்பிட்டியா என்று தொட்டியோடு பேசுகிறார். என்னை அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்றேன், நீயும் இப்படிப் பேசாம வாயைத் திற, ஊட்டுறேன் என்கிறார். வெளிச்சம் இருக்கிற பக்கம் அது போகும், அவ்வளவுதான் என்று சொன்னேன். லைட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எல்லாம் பாசம் என்றார். அதனால் பந்தயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது என் சோபா பக்கம் வந்தால் தொட்டித் தண்ணீர் மாற்றுவது இனி அவர் வேலை. வராவிட்டால் உப்புக் கலந்து வாளி தூக்குவது காலத்துக்கும் நான். என் இடுப்பின் லட்சணம் உனக்குத் தெரியும். ஆகவே அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் தொட்டிமேல் இருக்கிற விளக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைக்கிறேன். இது ஏமாற்று இல்லை, பரிசோதனை. ஆனால் திரும்பி வந்து பார்த்தால் விளக்கு அவர் பக்கமே சாய்ந்திருக்கிறது, திருகு தளர்ந்துவிட்டது போல. இருக்கிற இடத்தில் இருக்காமல் அலைந்தால் அதற்கு ஏதோ சரியில்லை, தொட்டித் தண்ணீரை உறிஞ்சுகிற மோட்டாரில் மாட்டினால் உயிர் போய்விடும் என்று நீ சொன்னது மட்டும் உறுத்துகிறது.

எந்தக் குறையும் இல்லாமல் இரு. வீட்டுச் சாவியில் ஒன்றைத் தோழியிடம் கொடுத்து வைக்க மறக்காதே. விளக்கைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

மறுநாள்: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் விளக்கைத் திருப்பப் போனேன். உன் அப்பாவின் கை ஏற்கெனவே அதன்மேல் இருந்தது. பாசத்துக்கு எதுக்கு லைட் என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் தொட்டிக்குள் பார்த்தேன். அனிமோன் நாற்காலிப் பக்கமும் இல்லை, சோபா பக்கமும் இல்லை, மோட்டாரின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார், நான் முழங்கைவரை கையைத் தண்ணீரில் விட்டு மோட்டார் வாய்க்கு ஸ்பாஞ்சைச் சுற்றினேன். ஓர் இழைகூட அறுபடவில்லை. விளக்கை நட்டநடுவில் நிறுத்திக் கயிற்றால் கட்டினோம். இப்போது மாலை, அது மெல்லப் பாறைப் பக்கம் திரும்பியிருக்கிறது. பந்தயத்தில் இரண்டு பேரும் தோற்றதால் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பாதித் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. என் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தேன்.