தை மாதத்து அருந்ததி

இரண்டுதான். ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னபடியே, பெரியதின் தோளருகே சின்னது. கொஞ்சம் நடுங்குகிறது.

நேற்றுப் புது மூக்குக்கண்ணாடி வந்தது. உறையில் தோல் வாசனை இன்னும் போகவில்லை. விளக்கேற்றிய பிறகு படித்துறைக்குப் போய் வடக்கே பார்த்தேன். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களில் வாலிலிருந்து இரண்டாவது. இத்தனை வருஷமாக எனக்கு ஒன்றாகவே இருந்தது. சித்திரை வானம், ஒரு மேகம் இல்லை. மெல்லப் பிரிந்தது. "எந்தாடி, இப்பவாவது மனசிலாச்சோ?" என்று கேட்க நீ இல்லை.

கரமனை ஆற்றில் இருட்டு தண்ணீரிலிருந்து தொடங்கும். முதலில் ஆறு கறுக்கும். பிறகு அக்கரைத் தென்னைகள். கடைசியில்தான் வானம். காலேஜில் நாம் கணிதம் படித்த மூன்று வருஷமும், கால்களை நீரில் விட்டபடி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"வசிஷ்டர் தெரியறாரோ?"

"தெரியறார்."

"பக்கத்துல அருந்ததி?"

"இல்லை."

"பாவம். உன் கண்ணுல அவர் இன்னும் பிரம்மச்சாரி."

ஒருநாள் காலேஜ் நூலகத்தில் ஏதோ புத்தகம் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாய். தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிகிறாராம். "கேட்டயா, அவரே ரெண்டு பேராம்! அருந்ததிக்கு இது தெரியுமோ?" அன்று படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

ஒரு தை மாத அந்தியில் நான் அண்ணாந்து தேடினேன். என் தலையைப் பிடித்துத் தாழ்த்தினாய். "இப்போ தேடாதே. ரெண்டு பேரும் பூமிக்குக் கீழ தூங்கறா. பத்து மணிக்கு மேலதான் எழுந்திருப்பா." தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தணித்துச் சொன்னாய்.

அடுத்த தையில் உன் கல்யாணம்.

அந்தி. சாஸ்திரிகள் உன்னையும் மாப்பிள்ளையையும் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, வடக்கே தென்னை உச்சிக்கு மேல் விரலை நீட்டினார். புதுப்பெண்ணுக்கு அருந்ததி காட்டும் சடங்கு. எல்லா மாதத்துக் கல்யாணத்திலும் உண்டு. அருந்ததி வானத்தில் இருந்தாலும் உண்டு, இல்லாவிட்டாலும் உண்டு. பெண் "தெரியறது" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எல்லோரும் உள்ளே போகலாம்.

"தெரியறதா குழந்தை?"

"இல்லை, மாமா."

நாயனம் நின்றது.

"நன்னா பாரும்மா."

"பார்த்துட்டேன். இப்போ அது உதிக்கலை."

உன் மாமியாரின் முகம் மாறியது. யாரோ ஒரு மாமி, எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்: "அருந்ததி தெரியாதவளுக்கு ஆயுசு கிடையாது." உன் அப்பா பதறிப்போய் என் பக்கம் திரும்பினார். "நீயும் அவளோட படிச்சவதானே. சொல்லு, தெரியறதோ?"

எந்த மாதத்திலும் அருந்ததியைக் கண்டிராத நான். அந்த வேளையில் அது அங்கே இராது என்று உன்னிடமே தெரிந்துகொண்ட நான். சொன்னேன்.

"தெரியறது, மாமா."

உடனே எல்லோருக்கும் தெரிந்தது. உன் மாமியாருக்கு, நாத்தனாருக்கு, கைக்குழந்தையோடு நின்றவளுக்கு. "ஆமாமா, அதோ!" நாயனம் மறுபடி தொடங்கிற்று. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். அதில் கோபம் இல்லை. வெகுதொலைவில் மங்கலாக உள்ள ஒன்றைக் கண்ணைச் சுருக்கித் தேடுவதுபோல் இருந்தது.

உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒரு நட்சத்திரம். அதை உண்டாக்கியது நான். எனக்குத் தெரிந்தவர்களில் உன்னைப்போல் கூர்மையான கண் யாருக்கும் இல்லை. கோட்டைக்குள் உன் புக்ககத்தில் உன் பெயர், அருந்ததி தெரியாதவள். பால் திரிந்தால் அது. பசு செத்தால் அது. இரண்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்காததற்கும் அது. ஒருமுறை பிறந்தகம் வந்தபோது சொன்னாய்: "நேத்திக்கு மோர் புளிச்சுப்போச்சு. அதுவும் வசிஷ்டர் ஆத்துக்காரியாலதான்." சிரித்தாய். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். மழையைப் பற்றி ஏதோ பேசினேன்.

மூன்றாம் வருஷம் டைபாய்டு. பத்தாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்ச விஷயம்தானே" என்றார்கள். காய்ச்சலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். உன் சாவுக்கும் நீயே காரணம் என்று ஆயிற்று. நான் தூணோடு தூணாக நின்றிருந்தேன்.

நேற்று அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் அவை விழவில்லை. அவ்வளவு சின்ன வெளிச்சம். ஒருகணம் நீ எனக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. அப்புறம் நான்தான் பார்த்தேன்.

இன்று காலை கோட்டைக்குள் போனேன். உன் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். தையில் அந்தி வேளைக்கு அருந்ததி உதிப்பதில்லை. அவள் சொன்னது நிஜம். நான் சொன்னது பொய்.

முறம் நின்றது.

"எனக்கும் ஒண்ணும் காணலைடி அன்னிக்கு," என்றார். "காலேஜ் படிச்ச பொண்ணு சொல்றயேன்னுதான் நானும் சொன்னேன்."

முறத்தை எடுத்து, அதே அரிசியை மறுபடி புடைத்தார்.

'தெரியறது' என்ற அந்த ஒரு சொல் இன்னும் என் வாயில் கிடக்கிறது. அன்று பந்தலில் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு நினைவில்லை.

வெயில் ஏறியிருந்தது. கரமனைக்கு நடந்தேன். உன் அப்பா வீட்டில் இருந்தார். அவரிடமும் சொன்னேன்.