ஆறு மில்லிமீட்டர் கல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான் என்று எழுத ஆசை, கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மா முழங்கால் வலியோடு என்னைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

எனக்குச் சிறுநீர்க்குழாயில் கல். ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டர் என்று வந்தது. அம்மா உன்னிடம் வாயுப்பிடிப்பு என்று சொன்னது நான் சொல்லிக்கொடுத்த பொய். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவனுக்குக் கல் வராவிட்டால்தான் அதிசயம். காலையில் ஏணி ஏறிக் கேபினில் உட்கார்ந்தால் மதியம்தான் இறக்கம், நடுவில் ஒன்றுக்கு வந்தால் இறங்கி ஏற அரை மணி நேரம், கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதனால் தண்ணீரையே தொடுவதில்லை. டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையாக மூன்று வழி சொன்னாள். கல் சின்னது, தண்ணீர் நிறையக் குடித்து, குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் போட்டுக்கொண்டு நான்கு வாரம் பார்க்கலாம், தானாக இறங்கிவிடலாம். வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துத் தூளாக்கலாம், ஆனால் ஒரே தடவையில் உடையும் என்று சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரில் உடைத்து எடுக்கலாம், அதில் நிச்சயம் அதிகம், சில நாள் ஓய்வு வேண்டும். கடைசியில் என்ன வேலை என்று கேட்டாள். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை என்றேன். "அப்படின்னா காத்திருந்து பார்க்கலாம், வலி எப்ப வேணும்னாலும் வரும், மாத்திரையில தலை சுத்தும், ஏணி கீணி ஏறிடாதீங்க" என்றாள். நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் உயரத்தில் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்திருப்பாள். ஐம்பத்தாறு வயதில் ஒரு தடவை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற மாட்டார்கள். அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டு நாள் மாத்திரையும் போட்டேன், கிரேனும் ஏறினேன். பதின்மூன்றாம் நாள் ஒரு கான்கிரீட் பலகையை இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்று சைகை காட்டியது, எல்லோரும் விசில் என்று கூப்பிடுகிற நம் பையன்தான், நீ ஊருக்குக் கிளம்பியபோது உன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினானே, அவன். பலகையைச் சரியாக உட்கார வைக்க ஓரத்தில் கை வைத்துக்கொண்டு, நிறுத்து என்று வாக்கிடாக்கியில் சொன்னான். என் காதில் தெளிவாக விழுந்தது. அதே நொடியில் இடுப்பிலிருந்து அடிவயிறு வரை கத்தியால் இழுத்த மாதிரி வலி, சுருண்டு போய்விட்டேன். கை ஒரு மூச்சு நேரம் பிந்திவிட்டது. பலகை ஒரு சாண் கூடுதலாக இறங்கியது. அவனுடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது மகளே.

விசாரணையில் அவன் கவனக்குறைவு என்று எழுதினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான்தான் கையை எடுக்காம நின்னுட்டேன், நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்கிறான். நான் சரிப்பா ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு கேவலமானவன் என்று என்னை நானே நினைத்ததில்லை.

கல் இன்னும் நகரவில்லை. சிறுநீரகம் வீங்க ஆரம்பித்துவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது என்று டாக்டர் லேசருக்குத் திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் நாளைக் காலை ஸ்கேன் தாளையும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோய் ஆபீஸில் வைக்கப்போகிறேன். அங்கிருந்து நேராக விசிலிடம். அம்மா, "யாரு இப்ப கேட்டா, முதல்ல உடம்பைப் பாருங்க" என்கிறாள். பயந்துபோயிருக்கிறாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. என் வேலை போகும், கேஸும் வரலாம். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. விசிலின் மனைவியிடம் உன் நம்பர் இருக்கிறது. அவள் கூப்பிட்டால் எடு, எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள். அப்பாவுக்கு அப்போது ரொம்ப வலி என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா