ஏறாத எண்ணிக்கை

கேளம்பாக்கம்
13.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அனு எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? உன் இன்ஜின் ரிப்பேர் வேலை எப்படிப் போகிறது? நானும் கார்த்தியும் நலம்.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தைத்தான் பார்க்கிறோம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, வைரஸ் அடங்கிய பிறகும் சிலருக்கு மட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கை ஏறுவதே இல்லை. நோயை எதிர்க்கும் அந்தச் செல்கள், எதிரி அடங்கியது தெரியாமல் எந்நேரமும் சண்டைக்கு நிற்கின்றன. சர்க்கரையை அள்ளி அள்ளி எரிக்கின்றன. அப்படியே களைத்துச் செத்துப்போகின்றன. புதிதாகப் பிறப்பவையும் அதே கதிதான். பிறகு எண்ணிக்கை எப்படி ஏறும்?

செவ்வாய்க்கிழமை ஒருவருடைய குறிப்பைப் படித்தேன். பெயர் கிடையாது. ஐந்து வருஷம் ஒருநாள் விடாமல் மாத்திரை. சிடி4 நூற்று எழுபது, ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியது. அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் உன் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. “மாத்திரைய கடல்ல கொட்டிட்டு எங்களாண்டயே பொய் சொல்றியா? குடிச்சிகினு திரிஞ்சா எப்டி ஏறும்?” என்று அம்மா எதிரில் கத்தினேன். “சத்தியமா போட்டுகினுதான் கீறேன் அனு” என்றாய். நான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணா. மன்னித்துவிடு.

உன் தங்கை,
அனு

•

சதுரங்கப்பட்டினம்
25.7.2025

அனுவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேன். போன வருஷம் டி.பி. வந்து ஆறு மாதம் படுத்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தது நான்தான்.

நீ கத்தினது ஒருநாள்தான். அதற்குப் பிறகு நடப்பதைக் கேள். அன்றிலிருந்து தினமும் அம்மா டப்பாவைக் கொட்டி மாத்திரையை எண்ணுகிறாள். நான் விழுங்கியதும் எதிரில் நின்று, “வாயத் தொற” என்கிறாள். திறந்து காட்டுகிறேன். எனக்கு முப்பத்தேழு வயதாகிறது. படித்த பெண் சொன்னதாயிற்றே, அவள் யாரை நம்புவாள்?

தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நீ சண்டை போட்ட பத்தாம் நாள் எனக்கு இன்னொரு ரிப்போர்ட் கிடைத்தது. வைரஸ் கண்டறியப்படவில்லை என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாத்திரையைக் கடலில் கொட்டுகிறவனுக்கு அப்படி வராது என்று டாக்டரே சொன்னார். அதைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. மூன்று நாள் பார்த்தேன். பிறகுதான் பிளாக் செய்தேன்.

வசந்த்

•

கேளம்பாக்கம்
3.8.2025

அண்ணா,

பார்த்தேன். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அப்போதே புரிந்தது. போன கடிதத்தில் எழுதியது பொய்.

அந்த வாரம்தான் கார்த்தி வீட்டில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, குடிகாரன், வீட்டோடு சேருவதில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். குடிகாரன் என்று வாய் கூசாமல் வந்தது. உன் நோயின் பெயர் வரவில்லை. நீ உண்மை சொல்கிறாய் என்று ஒத்துக்கொண்டால் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும். அதனால் நீ பொய் சொல்கிறவனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் படத்தையும் அழித்தேன்.

டி.பி.யில் நீ படுத்திருந்த நாட்களில் நான் இங்கே உன்னைப் போன்றவர்களின் செல்களை எண்ணி, நன்றாக வேலை செய்கிறேன் என்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “அப்போ எம்புள்ள போட்டுகினுதான் இருந்தானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள். கார்த்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அனு

•

சதுரங்கப்பட்டினம்
14.8.2025

அனுவுக்கு,

நீ போன் செய்த மறுநாள் காலையில் அம்மா டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, கருவாடு காயப்போடப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் சோறு போடும்போது அழுதாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அதனால் எழுதவில்லை.

உன் முதல் கடிதத்தில் செல்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் சீனுவிடம் காட்டினேன். படாளத்துக்காரன். செங்கல்பட்டில் மாத்திரை வாங்கப் போகும்போது பழக்கம். அவனுக்கும் என்னைப் போலத்தான், எண்ணிக்கை ஏறவில்லை. பொய் சொல்கிறான் என்று அவன் பெண்டாட்டி பூங்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. படித்துவிட்டு, “இத்த யாராச்சும் வந்து அவளாண்ட சொன்னா நல்லாருக்கும் மச்சான்” என்றான்.

நீ வந்து சொல். பூங்கொடியைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், அவளுடைய அப்பா அம்மாவும் வருவார்கள். முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சீனு வீட்டில். நீயாக என்னைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். அவனைப் பற்றிப் பேசு.

உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்பாள். லேபில் படித்தேன் என்றும் சொல்லலாம், என் அண்ணனுக்கும் இப்படித்தான் என்றும் சொல்லலாம். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

வசந்த்