செவலையின் கழுத்துப் பட்டை

வடிவு,

காபி பிளாஸ்க்ல இருக்கு. உன்னை எழுப்பிச் சொல்ல மூஞ்சி இல்லாமதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

மாட்டுப் பொங்கலன்னிக்கு ரெண்டு மாட்டையும் குளிப்பாட்டி நெட்டிமாலை போட, கழுத்துப் பட்டையைக் கழட்டுனேன்ல? திருப்பிக் கட்டும்போது மாத்திக் கட்டிட்டேன். தீவனப் பெட்டி செவலையோட பட்டைல இருக்குற சிப்புக்குத்தானே திறக்கும்? இன்னிக்குக் காலைல, கறவை நின்ன மயிலை போய் நின்னதும் திறக்குது. என் கண்ணால பாத்தேன்.

"செவலை பட்டினியா நிக்குதுங்க"ன்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்டே. நான் பெட்டி திறந்த கணக்கைப் போன்ல காட்டி, "வேளாவேளைக்குத் தின்னுருக்கு பாரு. பால் குறைஞ்சதுக்கு நீதான் காரணம்"னு உங்க அண்ணன் எதிர்லயே கத்துனேன்.

பட்டையை மாத்திட்டேன். செவலை பெட்டிக்குள்ள விட்ட தலையை இன்னும் எடுக்கல. பாக்கவே கூசுது.

மதியம் எனக்குச் சேத்து உலை வைக்காதே. அம்பகரத்தூர் போறேன். உங்க அண்ணன் எதிர்ல சொன்னதை அவர் எதிர்லயே திருப்பி வாங்கிக்கணும்.

சுவாமிநாதன்

இன்னொண்ணு. கொட்டகைக்குப் பின்னால, சாக்குக்கு அடியில நீ மறைச்சு வச்சிருந்த தவிட்டு வாளியைப் பாத்தேன். என் வீட்டு மாட்டுக்குத் தீனி வைக்க, எனக்குப் பயந்துகிட்டா வடிவு போனே?