டைகருக்குப் பத்தியம்

ஏப்ரல் 2, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் தாங்கவில்லை. தங்கச் சுரங்கத்துச் சயனைட் மேட்டிலிருந்து தூசி, கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் வெள்ளை மாவு. குழாய் முறை நமக்கு. நாலு குடம் பிடித்தேன். பேத்தமங்களாவில் ஏரி கீழே போய்விட்டதாம். இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர்.

டைகர் குட்டி போட்டுவிட்டது. விறகுக் கொட்டகையில், பழைய சாக்கின் மேல். ஆறு. நாலு செவலை, ஒன்று கறுப்பு, ஒன்றுக்கு மட்டும் தாயைப் போல மூக்கில் வெள்ளை.

டைகர் என்று பெயர் வைத்தது என் புத்தி. நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட் கேட்டில் கையளவாகக் கிடந்தது. தூக்கி வந்தேன். ஆணா பெண்ணா என்று யார் பார்த்தார்கள். குழாயடியில் இன்று ஒரே சிரிப்பு: "இன்னாண்ணே, உங்க டைகரு புள்ள பெத்துச்சாமே!"

இதையெல்லாம் விட முக்கியம். கீச்சுக் குரல் கேட்டு சரசு தலையைத் திருப்பினாள். குழந்தை போய் இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் படுக்கை. பேச்சென்றால் "ம்", "வேணாம்". இன்று அவளாகவே கேட்டாள்.

"எத்தினி?"

"ஆறு."

"எல்லாம் உசுரோட கீதா?"

"கீது, கீது."

சேலை மடிப்பைச் சரிசெய்து எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியாமல் படுத்துவிட்டாள். என் பெண்டாட்டி உட்காரப் பார்த்ததே எனக்குத் திருவிழா.

ஆறும் பிழைக்கணும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

(இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். ஆட்கள் எல்லாரும் தலைவிளக்கு வாங்கிக்கொண்டு கீழே இறங்கியபின் விளக்கு அறையில் இரண்டு மணி நேரம் ஓய்வு. பழைய பதிவேட்டில் பின்பக்கத் தாள்கள் சும்மா கிடக்கின்றன. இங்கே என்றால் வீட்டில் யார் கண்ணிலும் படாது.)

ஏப்ரல் 3, புதன்

வெயில். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தி நடந்தேன்.

அக்கா டைகரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அக்கா என்றால் என்னை வளர்த்தவள். மாமா கல் விழுந்து செத்ததிலிருந்து எங்களோடுதான். அவள் சொன்னால் சொன்னதுதான். நான் என்றைக்கு மறுத்தேன்.

"நாய்க்கு எதுக்குக்கா பத்தியம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மனுசியா இருந்தா இன்னா, நாயா இருந்தா இன்னா? பச்ச ஒடம்பு பச்ச ஒடம்புதான். நீ போயி வேலயப் பாருடா."

அக்காவின் பத்தியம்:
சுட்ட கருவாடு.
சுட்ட பூண்டு.
சுக்கும் மிளகும் இடித்துப் பிசைந்த சோறு. குழம்பு கிடையாது. வறட்டு உருண்டை.
பால் கூடாது, குட்டிக்கு மாந்தம்.
தண்ணீர் கூடவே கூடாது. காலையில் சீரகம் போட்ட வெந்நீர், அரைக் கொட்டாங்குச்சி, அதோடு சரி. மீறினால் வயிறு ஊதும், ஜன்னி வரும்.
காற்றும் கூடாது. கயிற்றில் கட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி, வெளியே கல் முட்டுக் கொடுத்தாயிற்று.

டைகர் வெந்நீரை ஒரே நக்கில் முடித்தது. உருண்டையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "மொத நாளு அப்டித்தான் இருக்கும்," என்றாள் அக்கா.

வேலையில், முதல் ஷிப்டில் இறங்கிய ஒருவன் விளக்கு திரும்பவில்லை. அதன் கொக்கி காலி. ஒன்பதே கால் வரைக்கும் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் பிறகு வந்தான், கீழே தூங்கிவிட்டானாம். திட்ட வாய் வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

தண்ணீர் வந்தது. மூன்று குடம்தான், வரிசையில் சண்டை.

கறுப்புக்குட்டி செத்துப்போச்சு. காலையில் பார்த்தபோது மற்றவை மேல் ஏறிக் கிடந்தன, இது மட்டும் ஓரத்தில் விறைத்து. சாக்குத் துணியில் சுற்றி வேலிப் பக்கம் புதைத்தேன். டைகர் கயிறு இழுபட எழுந்து நின்று பார்த்தது, குரைக்கவில்லை.

உருண்டை நேற்று வைத்தபடியே. எறும்பு.

சரசு (இனி ச. போதும்) கேட்டாள், "நாயி துன்னுச்சா?"

"துன்னுச்சி."

"ஆறும் நல்லா கீதா?"

"ஆறும் நல்லா கீது."

சொல்லும்போது கை முதுகுக்குப் பின்னால். நகத்தில் மண் இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது என்று குடியிருப்பு லைனில் பேர். நல்ல பேர்.

ரேஷனில் சர்க்கரை இல்லை. கேழ்வரகு மட்டும் வாங்கினேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

அனல். வீட்டுத் தட்டியைத் தொட்டால் சுடுகிறது. கொட்டகைக்குத் தகரக் கூரை, கேட்கவே வேண்டாம்.

நேற்று விளக்கு அறையில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் "ஈரல் குடு, செத்த நாயும் எந்திரிக்கும்" என்றான். காலையில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரை போய்க் கால் கிலோ ஆட்டு ஈரல். வதக்கி வைத்தேன், அக்காவுக்குத் தெரியாமல். மோந்து பார்க்கக்கூட எழவில்லை. பிறகு ரொட்டி. முட்டை அவித்து. என் டிபன் காரியரிலேயே சோறு வைத்தேன். தினம் ஷிப்ட் முடிந்து வந்ததும் அதன் மிச்சத்துக்குத்தான் அப்படிக் குதிக்கும். கண்ணை மட்டும் திறந்து மூடிற்று.

மூக்கு வெடித்திருக்கிறது. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. குட்டிகள் காம்பைச் சப்பிச் சப்பி விட்டுவிட்டுக் கத்துகின்றன. செவலையில் ஒன்று மதியம் போய்விட்டது. நாலு.

ச.: "எதுக்கு இப்டிக் கத்துதுங்க?"

"பசி. ஆறும் போட்டி போடுது."

"ஆறு," என்று அவளும் ஒருமுறை சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம்.

டைகர் உதட்டை நக்க முயன்றதைப் பார்த்ததிலிருந்து இன்னொன்று கண்ணில் நிற்கிறது. எங்கும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் என்ன.

தை மாதம். குழந்தை பிறந்து மூன்றாம் நாள். அக்கா ரேஷனுக்குப் போயிருந்தாள். ச. கருவாடும் பூண்டுமாகச் சாப்பிட்டு உதடு வெடித்துக் கிடந்தாள். "ஒரு வாயி தண்ணி குடுங்க. ஒரே ஒரு வாயி." பானை என் முதுகுக்குப் பின்னால். ஜன்னி கண்டு செத்த பெண்களைப் பற்றி அக்கா அன்று காலையில்தான் பேர் பேராகச் சொல்லியிருந்தாள். பயந்துவிட்டேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. "கொழாயில தண்ணி வரல சரசு, நாளைக்கித்தான் வரும்" என்றேன். துணியை நனைத்து உதட்டைத் துடைத்தேன். துணி எதில் நனைந்தது என்று அவள் கேட்கவில்லை.

மறுநாளும் அதே பொய்.

பால் வற்றியது. மாவுப் பால் கொடுத்தோம், பேதி. ஆஸ்பத்திரி. பத்தொன்பதாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தேன், கனமே இல்லை. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 6, சனி

தண்ணீர் வந்தது. அக்கா மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனாள். நான் குழாயடியில்.

இரண்டாவது குடத்தோடு வந்தால் பாய் காலி.

ஒரு நிமிஷம் என்னென்னவோ நினைத்துவிட்டேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. முட்டுக்கல்லை அவளேதான் உருட்டியிருக்கிறாள், எழுந்து நிற்கத் தெம்பு இல்லாதவள். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். சமையலுக்கு வைத்திருந்த அண்டாவை இழுத்து வந்து, உள்ளங்கையில் அள்ளி டைகர் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒழுகிற்று. பிறகு நாக்கு அசைந்தது. பிறகு டைகர் தலையையே அண்டாவுக்குள் விட்டுவிட்டது. அந்தச் சத்தம். குடித்தது, நிறுத்தி மூச்சு வாங்கியது, திரும்பக் குடித்தது. ச. அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

நான் குடத்தை இறக்காமலே நின்றேன்.

அவள் திரும்பாமல் சொன்னாள், "நாலுதான் கீது."

அப்போதுதான் குடத்தை இறக்கினேன்.

நேற்றைய கேழ்வரகுக் களி ஆறிப்போய்ச் சட்டியில் இருந்தது. அதில் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தாள். டைகர் சாப்பிட்டது. நேற்று முழுக்க நான் ஈரலும் முட்டையுமாகக் கெஞ்சிய நாய், பழைய களியைச் சட்டி பளபளக்க நக்கியது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அழுதேன்.

அக்கா டின்னோடு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! பச்ச ஒடம்புக்காரிக்கு அண்டாத் தண்ணியக் காட்டிட்டியே! ஜன்னி கண்டு பூட்டுமேடி!"

ச. குரல் உயர்த்தவில்லை. "பூட்டும் அண்ணி. தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்."

அக்கா டின்னைக் கீழே வைத்தாள். சாயங்கால ஷிப்டுக்கு நான் கிளம்பும் வரை அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று ஞாயிறு லீவு, எழுதவில்லை. இன்று இரண்டு நாளும் சேர்த்து.

டைகருக்கு ஜன்னி வரவில்லை. வயிறும் ஊதவில்லை. நேற்று சாப்பிட்டது: களி இரண்டு முறை, எலும்பு வேகவைத்த தண்ணீர், என் பங்கு முட்டை, அக்கா யாரும் பார்க்காதபோது வைத்த மோர்ச் சோறு (சட்டியைக் கழுவி வைத்ததால் பிடிபட்டாள்). தண்ணீர் கணக்கில்லை. பால் இறங்கிவிட்டது, குட்டிகள் சப்பினால் வாயோரம் நுரை.

ஆனாலும் ஒன்று தேறவில்லை. மூக்கில் வெள்ளை உள்ளது. காம்பில் வைத்தால் பிடிக்கத் தெரியவில்லை. ச. அதை மடியில் வைத்துக்கொண்டு துணியில் பால் நனைத்து, காலையிலிருந்து மதியம் வரை. மடியிலேயே போய்விட்டது. நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவளே வேலிப் பக்கம் வந்து, கறுப்பைப் புதைத்த இடம் எது என்று கேட்டு, பக்கத்தில் வைத்தாள். இடம் இருப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. என்றைக்கோ தெரிந்திருக்கிறது.

மிச்சம் மூன்று.

அக்கா ஞாயிறானால் விகாரைக்குப் போவாள். திரும்பும்போது மாரியம்மனுக்கும் ஒரு கும்பிடு. இரண்டு இடத்திலும் சொல்லி வைப்பதில் நஷ்டமில்லை என்பாள். நேற்று இரண்டுக்கும் போகவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள், எதற்கு என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனுக்கு அஞ்சி பொறந்துச்சி, ரெண்டுதான் தங்குச்சி. எங்காத்தா எனுக்குச் செஞ்சத நான் அவளுக்குச் செஞ்சேன். வேற இன்னாடா தெரியும் எனுக்கு?"

நீ கெட்டது நினைக்கவில்லை அக்கா என்றேன். பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்து போனாள்.

இன்று காலை தண்ணீர் முறை. ச. என்னோடு குழாயடிக்கு வந்தாள். பெண்கள் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, நல்லவேளை. சின்னக் குடம் ஒன்றை நிறைத்து அவளே தூக்கினாள். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தலையாட்டினாள், வேண்டாமென்று.

வீட்டில் குடத்தை இறக்கினோம். டைகர் வாசலில் காலை நீட்டிக் கிடந்தது, மூன்றும் வயிற்றில். அக்கா இல்லை. ச. செம்பை எடுத்து மொண்டு, நின்றபடியே முழுசாகக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்துநாலு நாளுக்குப் பிறகு, இல்லை, அதற்கு மேலேயே இருக்கும்.

"அன்னிக்கி நான் தண்ணி கேட்டேனே. மெய்யாலுமே கொழாயில வரலியா?"

அன்றைக்குச் சொன்ன அதே பொய் நாக்கு நுனியில் இருந்தது. இன்னும் ஒரு முறை சொன்னால் போதும். நம்பியும் இருப்பாள், நம்ப விருப்பமும் இருந்தது அவளுக்கு, முகத்தில் தெரிந்தது.

"வந்துச்சி," என்றேன். "பானை நெறைய இருந்துச்சி."

டைகர் சட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. ச. செம்பில் மொண்டு போய் ஊற்றினாள்.